மும்பை மழையில் தரையிறக்கம்: நனைந்த ஓடுபாதையில் டயர் பிடிமானத்துக்கு முழுமையான வழிகாட்டி

ஜூன் இரண்டாவது வாரம் மும்பையில் மழை பிடித்துவிட்டால், காட்கோபர், குர்லா வீடுகளின் தலைக்கு மேலே தாழ்ந்து வரும் ஒவ்வொரு விமானமும் ஈர ஓடுபாதையில்தான் இறங்கியாக வேண்டும். சுமார் 3,450 மீட்டர் நீளமுள்ள 09/27 பிரதான ஓடுபாதை (09 என்றால் மேற்கு முனையிலிருந்து கிழக்கு நோக்கி இறங்குவது, 27 என்றால் கிழக்கு முனையிலிருந்து மேற்கு நோக்கி). அதைக் குறுக்கே வெட்டிச் செல்வது சுமார் 2,870 மீட்டர் 14/32. இரண்டும் வெட்டிக்கொள்வதால் ஒரு சமயத்தில் ஒன்றைத்தான் முழுதாகப் பயன்படுத்த முடியும். ஒரு விமானம் சறுக்கி ஓரம் போனால் நகரத்தின் மொத்த விமானப் போக்குவரத்தும் தடுமாறிவிடும். 2019 ஜூலை 1-ஆம் தேதி இரவு ஜெய்ப்பூரிலிருந்து வந்த போயிங் 737, 27-இன் முனையைத் தாண்டிப் போய் நின்றது. பிரதான ஓடுபாதையை மீண்டும் திறக்கச் சுமார் நான்கு நாள் ஆனது. 2025 ஜூலை 21-ஆம் தேதி கொச்சியிலிருந்து வந்த ஏர்பஸ் ஏ320, கனமழையில் இறங்கியபோது ஓடுபாதையை விட்டு விலகி, எஞ்சின் உறை சேதமாகி, பிறகு நிறுத்துமிடம் வந்து சேர்ந்தது.

பைலட் உரிமத்துக்குப் படிப்பவர்கள், லைன் மெயின்டனன்ஸில் டயர் பார்ப்பவர்கள், ஏர்சைடில் ஓடுபாதையைக் கவனிப்பவர்கள் ஆகிய மூவருக்குமானது இந்த வழிகாட்டி. மூவர் வேலையும் ஒரே இடத்தில், டயரும் தாரும் சந்திக்கும் உள்ளங்கை அகலத்தில், வந்து முடிகிறது. இதில் உள்ள எண்கள் விஷயத்தைப் புரிந்துகொள்ளத்தான். பறக்கும்போதும் பழுது பார்க்கும்போதும் உங்கள் விமானத்தின் கையேடும் நிறுவனத்தின் நடைமுறையும் சொல்வதே இறுதி.

ஒன்றை முதலிலேயே அழுத்திச் சொல்லிவிடுகிறோம். ஈரத்தில் பிரேக்கை நம்பி இறங்கக் கூடாது. எந்த வேகத்தில், எந்த இடத்தில் சக்கரம் தொட்டது என்பதிலேயே பாதிக்கு மேல் முடிவாகிவிடுகிறது. காற்றில் தொலைத்த மீட்டரைத் தண்ணீரில் திரும்பப் பிடிக்க முடியாது.

தண்ணீர் டயரைத் தூக்குவது எப்படி

டயர் உருளும்போது முன்னால் இருக்கும் தண்ணீரைப் பக்கவாட்டில் தள்ளிக்கொண்டே போக வேண்டும். வேகம் கூடக்கூடத் தள்ள நேரம் போதாது. தண்ணீர் ஆப்பு மாதிரி டயருக்கு அடியில் நுழையும். அந்த நீரழுத்தம் டயருக்குள் இருக்கும் காற்றழுத்தத்துக்குச் சமமாகும் இடத்தில் டயர் தரையை விட்டு எழும்பி, தண்ணீர் மேல் மிதக்கும். பிரேக் பிடித்தாலும் ஒன்றுதான், பிடிக்காவிட்டாலும் ஒன்றுதான். சக்கரம் சுற்றுவதுகூட நின்றுபோகலாம். இதுதான் டைனமிக் ஹைட்ரோபிளேனிங்.

1960-களில் நாசாவின் லாங்லி ஆய்வு மையத்தில் வால்டர் ஹார்ன் குழுவினர் செய்த சோதனைகளிலிருந்து வந்த சூத்திரத்தை இன்றும் எல்லாரும் மனப்பாடமாக வைத்திருக்கிறார்கள்: டயர் அழுத்தத்தை பிஎஸ்ஐயில் (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு) எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 9-ஆல் பெருக்கினால், மிதக்கத் தொடங்கும் வேகம் நாட் அலகில் (1 நாட் என்பது மணிக்கு ஏறக்குறைய 1.85 கிலோமீட்டர்) கிடைக்கும். இது ஏற்கெனவே உருண்டுகொண்டிருக்கும் சக்கரத்துக்கு. இப்போதுதான் தரையைத் தொடும், இன்னும் சுற்றத் தொடங்காத சக்கரத்துக்கு 9-க்குப் பதில் 7.7.

ஏ320, 737 ரக விமானங்களின் பிரதான டயரில் அழுத்தம் ஏறக்குறைய 200 பிஎஸ்ஐ. வர்க்கமூலம் 14.14. ஒன்பதால் பெருக்கினால் 127 நாட், 7.7-ஆல் பெருக்கினால் 109 நாட். இறங்கும் வேகமோ 130, 140 நாட். அதாவது போதுமான தண்ணீர் தேங்கியிருந்தால், தொட்ட நொடியிலேயே டயர் மிதக்கும் எல்லைக்குள் இருக்கிறது. ஒருமுறை மிதக்கத் தொடங்கிய சக்கரம் 127-க்குக் கீழே வந்ததும் பிடித்துக்கொள்ளும் என்றும் சொல்ல முடியாது. சக்கரம் சுற்றாமலே கிடந்தால் 109 வரைக்கும் மிதப்பு தொடரலாம். இன்றைய ரேடியல் டயர்கள் இந்தச் சூத்திரம் சொல்வதைவிடக் குறைந்த வேகத்திலேயே மிதக்கக்கூடும் என்பதால், 127-ஐப் பாதுகாப்பான எல்லைக்கோடாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

பயிற்சி மாணவர்கள் இது பெரிய விமானத்தின் கதை என்று விட்டுவிட வேண்டாம். செஸ்னா 172-இன் பிரதான டயர் 42 பிஎஸ்ஐ. கணக்குப் போட்டால் 58 நாட். நீங்கள் 61, 65 நாட்டில் அணுகி வருகிறீர்கள். சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் ஆன்டி-ஸ்கிட்டும் கிடையாது. பிரேக்கை மிதித்தால் சக்கரம் அப்படியே பூட்டிக்கொள்ளும்.

இரண்டாவது வகை விஸ்கஸ் ஹைட்ரோபிளேனிங். இதற்கு வெள்ளம் தேவையில்லை. முடி கனத்தைவிட மெல்லிய, ஒரு மில்லிமீட்டரில் நாற்பதில் ஒரு பங்கு நீர்ப்படலம் போதும். தளம் வழவழப்பாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். டயர் ரப்பர் படிந்து கறுத்துப்போன தொடும் பகுதி, வெள்ளை பெயின்ட் அடித்த கோடுகள், மழை தூறத் தொடங்கிய முதல் சில நிமிடம் எல்லாம் இதற்கு ஏற்ற இடமும் நேரமும். குறைந்த வேகத்திலும் நடக்கும். நிறுத்துமிடம் செல்லும் பாதையான டாக்ஸிவேக்குத் திரும்பும்போது மூக்குச் சக்கரம் வழுக்குவது பெரும்பாலும் இதனால்தான்.

மூன்றாவது, ரிவர்ட்டட் ரப்பர். பூட்டிக்கொண்ட சக்கரம் ஈரத் தளத்தில் இழுபடும்போது உரசலின் சூட்டில் தண்ணீர் ஆவியாகிறது. ரப்பர் உருகிப் பிசுபிசுப்பாகி, அந்த ஆவியை உள்ளே அடைத்துக்கொள்கிறது. விமானம் நீராவி மெத்தை மேல் போகும். நின்றுபோகும் வேகம் வரை இது தொடரலாம். அடையாளம் இரண்டு: ஓடுபாதையில் கறுப்புத் தடத்துக்குப் பதில் ஆவி கழுவிவிட்ட வெள்ளைத் தடம், டயரில் ஒரே இடத்தில் நீள்வட்டமாக உருகிய தழும்பு.

படி 1: டயர்

விமான டயரில் காரைப் போல குறுக்கு வெட்டு டிசைன் இருக்காது. சுற்றளவில் நேராக ஓடும் சில பள்ளங்கள் மட்டும். தண்ணீருக்கு வழி விடுவது அவைதான். பள்ளம் தேய்ந்தால் வழி அடைந்துவிடும். டயரின் மேற்பரப்பு ஓரிடத்தில் பள்ளத்தின் அடிமட்டம் வரை தேய்ந்து, பள்ளமே இல்லை என்ற நிலைக்கு வருவது கழற்றும் எல்லை. துல்லியமான எல்லை உங்கள் மெயின்டனன்ஸ் மேனுவலில் இருக்கும். மழைக்காலத்தில் அந்தக் கடைசி எல்லை வரை இழுக்காமல் சற்று முன்பே மாற்றுவது நல்லது என்பது எங்கள் கருத்து.

அழுத்தம் பார்ப்பதில்தான் அதிகத் தவறு நடக்கிறது. தினமும் ஒருமுறை, டயர் குளிர்ந்த பிறகு பார்க்க வேண்டும். இறங்கிக் குறைந்தது மூன்று மணி நேரம் ஆகியிருக்க வேண்டும். சூட்டில் பார்த்தால் அழுத்தம் கூடுதலாகக் காட்டும். அதைப் பார்த்து நைட்ரஜனைத் திறந்துவிட்டால் காலையில் குறைவாக நிற்கும். சூடான டயரில் காற்றை இறக்கவே கூடாது. வெப்பநிலை 3 டிகிரி செல்சியஸ் மாறினால் அழுத்தம் ஏறக்குறைய 1 சதவீதம் மாறும். விமானத்தின் எடை டயர் மேல் இருக்கும்போது, தனியாக வைத்த டயரைவிட 4 சதவீதம் கூடுதலாகக் காட்டும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

நல்ல டயரும் 24 மணி நேரத்தில் 5 சதவீதம் வரை இழக்கலாம். குறிப்பிட்ட அழுத்தத்தில் 90 சதவீதத்துக்குக் கீழே இறங்கியிருந்தால் டயரைக் கழற்ற வேண்டும். 80-க்கும் கீழே என்றால் அதே அச்சில் உள்ள ஜோடி டயரையும் சேர்த்துக் கழற்ற வேண்டும். காரணம்: ஒன்று தளர்ந்தால் இன்னொன்று இரட்டைச் சுமை சுமந்திருக்கும். வெளியே பார்க்க நன்றாக இருக்கும், உள்ளே டயரைத் தாங்கும் நூல்படலம் வெந்திருக்கும்.

அழுத்தம் குறைந்தால் மிதக்கும் வேகமும் குறையும். 200-க்குப் பதில் 180 இருந்தால் 127 நாட் 121 ஆகிறது. ஆறு நாட் சின்ன விஷயம் போலத் தெரியலாம். ஆனால் மிதப்பு முடிந்து பிரேக் பிடிக்கத் தொடங்கும் வரை நொடிக்கு அறுபது மீட்டருக்கு மேல் ஓடுபாதை கழிந்துகொண்டிருக்கும் என்பதை மறக்கக் கூடாது.

படி 2: ஓடுபாதையின் தோல்

ஓடுபாதையின் மேல்பரப்பில் இரண்டு விதக் கரடுமுரடு வேண்டும். விரலால் தடவினால் உப்புத்தாள் போல் உணரும் நுண்ணிய கரகரப்பு, மெல்லிய படலத்தைக் குத்திக் கிழிக்கும். கண்ணுக்குத் தெரியும் ஜல்லி இடைவெளி, பெருந்தண்ணீர் வெளியேற வழி விடும். புதிய தளத்தில் இந்த இரண்டாவது ஆழம் சராசரி 1 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது என்கிறது சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பான ஐகாவ்.

இதை அளப்பது மிக எளிது. தளத்தைத் துடைத்துக் காயவைத்து, 25 மில்லி மெல்லிய மணலைக் கொட்டி, தட்டையான ரப்பர் வட்டால் சுழற்றிச் சுழற்றிப் பரப்புங்கள். மணல் குழிகளை நிரப்பி வட்டமாக நிற்கும். விட்டம் ஏறக்குறைய 17.8 சென்டிமீட்டர் வந்தால், கன அளவைப் பரப்பால் வகுக்கும்போது சரியாக 1 மில்லிமீட்டர் ஆழம். அதே மணல் 25 சென்டிமீட்டர் வட்டமாகப் பரவினால் ஆழம் அரை மில்லிமீட்டர்தான். குழிகள் அடைந்துவிட்டன என்று பொருள்.

தண்ணீர் ஓட ஓடுபாதை நடுவில் உயர்ந்து இருபுறமும் சரிந்திருக்கும். பெரிய விமானங்களுக்கான ஓடுபாதையில் சரிவு 1.5 சதவீதம். 45 மீட்டர் அகலம் என்றால் நடுக்கோடு ஓரத்தைவிட 34 சென்டிமீட்டர் உயரம். தளம் காலப்போக்கில் சக்கரத் தடத்தில் அமுங்கினால், தண்ணீர் ஓரத்துக்குப் போகாமல் டயர் ஓடும் அதே கோட்டில் குளமாக நிற்கும். மழை நின்ற பத்து நிமிடத்தில் ஓடுபாதையைப் பார்வையிடும்போது எங்கே இன்னும் மின்னுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். வறண்ட நாளில் எந்தக் கருவியும் இதை இவ்வளவு தெளிவாகக் காட்டாது.

குறுக்கே வெட்டிய பள்ளங்கள் இன்னொரு வழி. அமெரிக்கத் தரப்படி 6 மில்லிமீட்டர் அகலம், 6 ஆழம், 38 மில்லிமீட்டர் இடைவெளி. டயருக்கு அடியில் சிக்கிய தண்ணீர் இந்தப் பள்ளங்களில் தப்பி ஓடும். ஆனால் ரப்பர் அதையும் அடைத்துவிடும். 457 மீட்டர் நீளத்தில் 40 சதவீதப் பள்ளங்கள் 3 மில்லிமீட்டர் அளவுக்கு வந்துவிட்டால், அங்கே பள்ளம் இருந்தும் பெரிய பயனில்லை.

2007 ஜூலை 17-ஆம் தேதி பிரேசிலின் காங்கோனியாஸ் விமான நிலையத்தில் ஏ320 ஓடுபாதையைத் தாண்டிப் போய்க் கட்டடத்தில் மோதி 199 பேர் இறந்தார்கள். வலது எஞ்சினின் விசைப்பிடியான த்ரஸ்ட் லீவர் ஐடிலுக்கு (குறைந்தபட்ச விசைக்கு) வராமல் உந்து விசையிலேயே இருந்தது, அதனால் இறக்கையின் தூக்குவிசையைக் குறைக்கும் மேல்தகடுகளான ஸ்பாய்லர்கள் எழவில்லை. அந்த ஓடுபாதைக்குப் புதிதாகத் தார் போட்டிருந்தார்கள், பள்ளம் வெட்டும் வேலை இன்னும் முடிந்திருக்கவில்லை. தளம் ஒன்று மட்டுமே விபத்துக்குக் காரணம் என்று சொல்ல முடியாது. ஆனால் தவறு நடந்துவிட்ட பிறகு மீள்வதற்கு இருக்கும் மிச்ச மீட்டர்களைக் கொடுப்பது தளம்தான்.

உராய்வை அளக்கும் வண்டி 65 கிலோமீட்டர் வேகத்தில், தானே 1 மில்லிமீட்டர் தண்ணீர் தெளித்தபடி ஓடும். சர்ஃபேஸ் ஃபிரிக்‌ஷன் டெஸ்டர் வண்டிக்கு எல்லைகள்: புதிய தளம் 0.82, பராமரிப்பைத் திட்டமிட வேண்டிய எல்லை 0.60, குறைந்தபட்சம் 0.50. அதே வண்டியை 95 கிலோமீட்டரில் ஓட்டினால் 0.74, 0.47, 0.34. இரண்டு வேகத்திலும் ஓட்டுங்கள். மெதுவாக ஓடும்போது நல்ல எண் காட்டி, வேகத்தில் சரேலென விழும் தளத்தில் தண்ணீர் வடியும் வழிதான் கெட்டிருக்கிறது. நுண்கரகரப்பு கெட்டிருந்தால் மெதுவான ஓட்டத்திலேயே தெரிந்துவிடும்.

ரப்பரை உயரழுத்தத் தண்ணீரால் கழற்றுவது வழக்கம். அழுத்தத்தை அளவுக்கு மீறிக் கூட்டினால் ரப்பரோடு ஜல்லியின் கரகரப்பும் போய்விடும். கழற்றிய பிறகு மறுபடி உராய்வை அளக்காமல் வேலை முடிந்தது என்று எழுதக் கூடாது. மும்பையில் மழைக்கு முன் இரண்டு ஓடுபாதைகளையும் ஒரு நாள் காலை 11 மணி முதல் மாலை 5 வரை மூடி இந்த வேலைகளைச் செய்கிறார்கள். 2024-இல் மே 9, 2025-இல் மே 8. அந்த ஆறு மணி நேரத்தால் விமானம் தள்ளிப்போனவர்களின் எரிச்சல் நியாயம்தான், ஆனால் அந்த மூடல் அவசியம்.

இங்கே ஒரு நுணுக்கம். மும்பையில் பெரும்பாலான விமானங்கள் 27-இல் இறங்குவதால் ரப்பர் அதிகம் படிவது கிழக்கு முனையில். காற்று மாறி 09-இல் இறங்க நேர்ந்தால், அந்த வழுக்குப் பகுதி உங்கள் ஓட்டத்தின் கடைசியில் வரும். கடைசி மீட்டர்களில்தான் பிரேக் வேண்டும் என்று மிச்சம் வைத்தவருக்கு அது கைகொடுக்காது.

படி 3: ஓடுபாதை அறிக்கையை வாசிப்பது

2021 நவம்பர் முதல் உலகம் முழுக்க ஒரே வடிவில் ஓடுபாதை நிலை அறிவிக்கப்படுகிறது. ஓடுபாதையை மூன்று பாகமாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 6 வரை ஒரு எண். 6 என்றால் உலர்ந்தது. 3 மில்லிமீட்டர் வரை தண்ணீர் இருந்தால் 5. உராய்வு குறைந்தபட்ச எல்லைக்குக் கீழே போன தளம் நனைந்திருந்தால் 3. 3 மில்லிமீட்டருக்கு மேல் தேங்கினால் 2. ஐந்துக்கும் இரண்டுக்கும் நடுவில் இருப்பது ஒரு கோடு கனத் தண்ணீர்தான். மும்பைக் கனமழை ஒன்று சில நிமிடத்தில் அந்தக் கோட்டைத் தாண்டிவிடலாம்.

எழுத்தில் வரும் அறிக்கை சிறிய எண்ணுள்ள முனையிலிருந்து தொடங்கும். அதாவது 09/27-க்கு மேற்கிலிருந்து. 5/5/2 என்று எழுதியிருந்தால், 27-இல் இறங்கும் உங்களுக்கு அந்த 2 முதலில் வரும். வான் போக்குவரத்துக் கட்டுப்பாட்டு மையமான ஏடிசி வாயால் சொல்லும்போது உங்கள் திசைக்கு மாற்றித்தான் சொல்வார்கள். இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

அறிக்கை எடுத்த நேரத்தைப் பாருங்கள். பெருமழை அதற்குப் பிறகு தொடங்கியிருந்தால் அந்த 5 பழைய கதை. பள்ளமிட்ட ஓடுபாதையில் கனமழை பெய்தாலோ, பள்ளமில்லாத வழவழத் தளத்தில் மிதமான மழை பெய்தாலோ பிரேக் பிடிமானம் மீடியம் என்றே வைத்துக்கொள்ளும்படி அமெரிக்காவின் விமானப் போக்குவரத்து ஒழுங்குமுறை அமைப்பான எஃப்ஏஏ 2019-இல் அறிவுறுத்தியது. அதாவது 5 என்று அறிவித்திருந்தாலும் 3 என்று கணக்குப் போடுங்கள்.

படி 4: மீட்டர் கணக்கு

புறப்படும் முன் ஒரு கணக்கு, இறங்கும் முன் இன்னொன்று. முதலாவதில், உலர் தளத்தில் சோதனை விமானி காட்டிய தூரம் இருக்கும் ஓடுபாதையில் 60 சதவீதத்துக்குள் அடங்க வேண்டும். நனைந்திருந்தால் அதற்கு மேல் 15 சதவீதம். எடுத்துக்காட்டாக 1,100 மீட்டர் என்றால், 0.6-ஆல் வகுத்து 1,833. அதோடு 15 சதவீதம் சேர்த்து 2,108 மீட்டர்.

இரண்டாவது கணக்குதான் உயிரானது. இறங்கும் நேரத்து எடை, காற்று, ஓடுபாதை நிலை எண், பயன்படுத்தப்போகும் பிரேக், ரிவர்ஸ் (எஞ்சின் விசையை முன்னோக்கித் திருப்பி வேகம் குறைப்பது) எல்லாம் போட்டு வரும் தூரத்துக்கு 15 சதவீதம் கூட்ட வேண்டும். இதை 5-க்கு ஒருமுறை, 2-க்கு ஒருமுறை என இரண்டாகப் போட்டு வைத்துக்கொள்ளுங்கள். இறக்கம் தொடங்கும் முன்பே, "2 என்று சொன்னால் இறங்க மாட்டோம்" அல்லது "2 என்றாலும் இடம் போதும்" என்று இருவரும் பேசி முடித்திருக்க வேண்டும். ஆயிரம் அடியில், வைப்பர் அடித்துக்கொண்டிருக்கும்போது பேசுகிற விஷயம் இல்லை அது. ஓடுபாதையின் மொத்த நீளத்தைப் போடாதீர்கள். இறங்குவதற்கென அறிவித்த தூரத்தை மட்டும் போடுங்கள்.

படி 5: அணுகல்

மேகத்துக்குள் வரும்போது ஆயிரம் அடியில் விமானம் நிலைப்பட்டிருக்க வேண்டும்: சரியான வேகம், சரியான சரிவு, இறக்கையின் பின்விளிம்புத் தகடான ஃபிளாப், சக்கரம் எல்லாம் இறங்கி, எஞ்சின் விசை நிலைப்பட்டு. இல்லையென்றால் கோ-அரவுண்ட், அதாவது இறங்காமல் மறுபடி மேலேறுவது. இதில் பேரம் கிடையாது.

ஏன் இவ்வளவு கண்டிப்பு என்பதை எண்ணில் பாருங்கள். 140 நாட் என்பது நொடிக்கு 72 மீட்டர். மெத்தென்று வைக்க ஆசைப்பட்டு மூன்று நொடி மிதந்தால் 216 மீட்டர் போச்சு. ஓடுபாதை முனையை 50 அடிக்குப் பதில் 60 அடியில் தாண்டினால், 3 டிகிரி சரிவில் தொடும் இடம் 58 மீட்டர் தள்ளிப்போகும். வேகம் பத்து சதவீதம் கூடினால் நிறுத்த வேண்டிய ஆற்றல் 21 சதவீதம் கூடும். பின்காற்று 10 நாட் என்றால், 140-க்குப் பதில் தரைமேல் 150. ஆற்றலில் ஏறக்குறைய 15 சதவீதம் அதிகம். இவை தனித்தனியே வருவதில்லை. உயரமாக வந்தவர் வேகமாகவும் வருவார், வேகமாக வந்தவர் மிதப்பார்.

2020 ஆகஸ்ட் 7-ஆம் தேதி கோழிக்கோட்டில் நடந்தது இதுதான். மழை, ஏறக்குறைய 14 நாட் பின்காற்று, 2,700 மீட்டர் ஓடுபாதை. நிலைப்படாத அணுகலைத் தொடர்ந்த விமானம் ஏறக்குறைய 1,350 மீட்டர் தாண்டி, பாதி ஓடுபாதை முடிந்த பிறகே தொட்டது. கோ-அரவுண்ட் செய்யப்படவில்லை. மேட்டின் மேல் அமைந்த ஓடுபாதையின் விளிம்பைத் தாண்டி விழுந்ததில் 21 உயிர்கள் போயின.

தொட வேண்டிய பகுதி முதல் மூன்றில் ஒரு பங்கு அல்லது 900 மீட்டர், எது குறைவோ அது. அதற்குள் தொடாது என்று தெரிந்த நொடியில் மறுபடி மேலேறுங்கள். பக்கத்தில் இருப்பவர் துணை விமானியாக இருந்தாலும், அவர் "கோ-அரவுண்ட்" என்றால் கேப்டன் கேள்வி கேட்காமல் ஏற வேண்டும். மரியாதை என்று பேசாமல் இருப்பது மரியாதை இல்லை.

படி 6: தொடுதல்

அழுத்தமாக வையுங்கள். மெத்தென்று வைத்தால் டயர் நீர்ப்படலத்தின் மேல் வழுக்கி உட்காரும், சுற்றத் தாமதமாகும். ஸ்பாய்லரும் ரிவர்ஸும் சக்கரம் தரையில் இருக்கிறது என்ற செய்திக்காகக் காத்திருக்கும். 1993 செப்டம்பர் 14-ஆம் தேதி வார்சாவில் லுஃப்தான்ஸா ஏ320 கனமழையில் ஒரு பக்கச் சக்கரத்தில் மெதுவாகத் தொட்டது. இரண்டு கால்களிலும் 6.3 டன் எடை விழ வேண்டும் அல்லது சக்கரம் 72 நாட்டுக்கு மேல் சுற்ற வேண்டும் என்பது அந்த விமானத்தின் நிபந்தனை. காற்றைச் சமாளிக்கச் சாய்ந்து இறங்கியதால் எடை விழவில்லை, தண்ணீரால் சக்கரம் சுற்றவில்லை. ஏறக்குறைய ஒன்பது நொடி எதுவும் வேலை செய்யவில்லை. இரண்டு பேர் இறந்தார்கள்.

பயணிகள் ஒன்றைத் தெரிந்துகொண்டால் போதும்: மழை நாளில் டம்மென்று இறங்கிய விமானத்தைக் குறை சொல்லாதீர்கள். கடைசி நொடியில் மறுபடி மேலேறினால் பயப்படாதீர்கள்.

தொட்டதும் மூக்கைத் தாமதிக்காமல் இறக்குங்கள். தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தால் இறக்கை இன்னும் எடையைச் சுமந்துகொண்டிருக்கும். டயருக்குக் கனம் விழாது. கனம் இல்லாத டயருக்குப் பிடிமானம் கிடையாது.

படி 7: நிறுத்துதல்

வரிசை மாறக் கூடாது. ஸ்பாய்லர் எழுந்ததா என்று பார்த்து, இன்னொருவர் சத்தமாகச் சொல்ல வேண்டும். எழாவிட்டால் கையால் எழுப்ப வேண்டும். இறக்கையின் தூக்குவிசையைக் கொன்று எடையைச் சக்கரத்துக்கு மாற்றுவது அதுதான். அடுத்த கணமே ரிவர்ஸ், முழு அளவில். ரிவர்ஸ் வேகம் அதிகமிருக்கும்போதுதான் நன்றாக இழுக்கும், டயர் மிதக்கும் அதே நேரத்தில். ஈரத் தளத்தில் அதன் அருமை இங்கேதான். 70 நாட் வரும்போது குறைக்கத் தொடங்கலாம். நிற்குமா என்ற சந்தேகம் இருந்தால் நிற்கும்வரை முழு ரிவர்ஸை விடாதீர்கள். எஞ்சின் பழுதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

பிரேக்குக்கு வருவோம். ஏ320-இல் ஆட்டோபிரேக் (தானே பிடிக்கும் பிரேக்) லோ என்பது ஸ்பாய்லர் எழுந்து நான்கு நொடி கழித்து நொடிக்கு நொடி 1.7 மீட்டர் வேகம் குறைக்கும். மீடியம் இரண்டு நொடி கழித்து 3 மீட்டர். ஈரத்துக்கு மீடியமே பொருத்தம். ஆனால் அது கேட்பது மட்டும்தான், கொடுப்பது தளம். 130 நாட்டிலிருந்து 3 மீட்டர் வீதத்தில் குறைந்தால் 750 மீட்டரில் நிற்கலாம். தளம் 1.5 மட்டுமே கொடுத்தால் அதே ஓட்டம் 1,500 மீட்டர். விமானி அறையில் டிசெல் விளக்கு எரிவது, கேட்ட வேகக்குறைப்பு ஏறக்குறைய கிடைக்கிறது என்பதற்கு அடையாளம். ரிவர்ஸே அதைத் தந்துகொண்டிருக்கலாம். பிரேக் பிடிக்கிறது என்பதற்கு அது சாட்சி இல்லை.

கையால் பிரேக் பிடிக்க நேர்ந்தால் இருபுறமும் சமமாக, முழுதாக அழுத்தி, அப்படியே வைத்திருங்கள். விட்டுவிட்டு மிதிக்காதீர்கள். சக்கரம் பூட்டப்போகும்போது அழுத்தத்தை விட்டுவிட்டு மறுபடி கொடுக்கும் வேலையை ஆன்டி-ஸ்கிட் நொடிக்குப் பலமுறை செய்கிறது. உங்கள் கால் அதோடு போட்டி போட்டால் அது தன் கணக்கை ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும். செஸ்னாவில் நேர்மாறு: ஃபிளாப்பை மடக்கி எடையைச் சக்கரத்துக்குக் கொடுத்து, வேகம் இறங்கும் வரை காத்திருந்து, பிறகு மெதுவாக அழுத்துங்கள்.

பக்கக்காற்று பற்றி. மும்பை மழையில் காற்று பெரும்பாலும் தென்மேற்கிலிருந்து. 240 திசையில் 20 நாட் என்றால் 27-இல் இடதுபுறமிருந்து 10 நாட் பக்கக்காற்று. மூக்கு காற்றை நோக்கித் திரும்பும், வால் வலப்பக்கம் தள்ளப்படும். அந்த நிலையில் ரிவர்ஸின் இழுவை விமானத்தைப் பின்னோக்கி மட்டுமில்லை, வலப்பக்கமாகவும் இழுக்கும். விமானம் ஓரத்துக்கு நகர்வது தெரிந்தால் செய்ய வேண்டியது: ரிவர்ஸை ஐடிலுக்குக் கொண்டுவாருங்கள், பிரேக்கை விடுங்கள், வாலின் திசைத்தகடான ரட்டரால் நடுக்கோட்டுக்குத் திரும்புங்கள், நேரானதும் ரிவர்ஸும் பிரேக்கும் மறுபடி. டயரின் பிடிமானம் ஒரு குறிப்பிட்ட அளவுதான். அதை முழுக்கப் பிரேக்குக்கே கொடுத்துவிட்டால் திருப்புவதற்கு மிச்சம் இருக்காது. பிரேக்கை விடுவதற்குப் பயமாக இருக்கும். சிமுலேட்டரில் பலமுறை செய்து பழகியவர்களுக்கு மட்டுமே கை தானாகப் போகும்.

வேக வெளியேறு டாக்ஸிவேக்கு அவசரப்படாதீர்கள். பின்னால் வரும் விமானத்துக்கு இடம் விட ஏடிசி கேட்டாலும், முடியாது என்றால் முடியாது என்று சொல்லுங்கள்.

படி 8: நின்ற பிறகு

பிரேக் பிடிமானம் எப்படி இருந்தது என்று ஏடிசியிடம் உடனே சொல்லுங்கள்: குட், குட் டு மீடியம், மீடியம், மீடியம் டு புவர், புவர். எந்த மூன்றில் ஒரு பகுதியில் வழுக்கியது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். ஓடுபாதையை அளக்கும் வண்டி மணிக்கு ஒருமுறை வரலாம். உங்கள் பின்னால் வருபவர் இரண்டு நிமிடத்தில் வருகிறார்.

வழுக்கியது போல் உணர்ந்திருந்தால் விமானத்தின் பழுதுப் பதிவேடான டெக் லாகில் எழுதுங்கள். அதைப் பார்த்து மெக்கானிக் சக்கரத்தை முழுச் சுற்றுச் சுற்றி, தரையில் படிந்திருக்கும் பகுதியையும் மேலே கொண்டுவந்து பார்க்க வேண்டும். உருகிய தழும்பு பெரும்பாலும் விமானம் நின்ற நிலையில் அடியில் மறைந்துகொண்டிருக்கும். தழும்பு கண்டால் டயரின் நூல்படலம் வெளித்தெரிகிறதா, ஓட்டினால் அதிருமா என்று பார்த்து மேனுவல்படி கழற்றுங்கள். டயரை மாற்றியதோடு விடாமல் அந்தச் சக்கரத்தின் ஆன்டி-ஸ்கிட் சென்சாரையும் சோதியுங்கள். வேலை செய்யும் ஆன்டி-ஸ்கிட் சக்கரத்தை அவ்வளவு நேரம் பூட்டவிடாது.